தர்மண்ட், மேற்கு வர்ஜீனியா: 462 பேர் இருந்த ரயில் ஊரில் இன்று 5 பேர். ரயில் மட்டும் இன்னும் ஓடுகிறது

கரிப்புகை

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் கொலம்பஸிலிருந்து குடும்பத்தோடு நியூ ரிவர் பள்ளத்தாக்குக்குப் போய் வந்தோம். எல்லாரும் போய்ப் படம் எடுக்கிற அந்தப் பெரிய வளைவுப் பாலத்தை நாங்களும் பார்த்தோம். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகும் என் மனசு சுற்றிக்கொண்டிருப்பது வேறொரு இடத்தை. பள்ளத்தாக்கின் அடியில், ஆற்றை ஒட்டி, தர்மண்ட் என்று ஒரு ஊர்.

கிளென் ஜீனில் பெரிய சாலையை விட்டு இறங்கினால் சுமார் 7 மைல். ஓடைக் கரையோடு வளைந்து வளைந்து போகிற குறுகலான ரோடு. கடைசியில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு ரயில் பாலம். அதே பாலத்தின் ஓரத்தில் ஒரே ஒரு கார் போகிற அளவுக்குப் பாதை. எதிரில் வண்டி வந்தால் கரையில் நின்று வழிவிட வேண்டும். அதைத் தாண்டினால் ஊர்.

அந்த ஊரின் கடைவீதியில் வீதி கிடையாது. செங்கல் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன, அவற்றின் வாசலில் இருப்பது தண்டவாளம். மருந்துக்கடை இருந்த மேன்கின்-காக்ஸ் கட்டடம் 1904இல் எழுந்தது. பக்கத்தில் குட்மன்-கின்கெய்ட் கட்டடம், 1906. அதையடுத்து தர்மண்ட் நேஷனல் வங்கி இருந்த கட்டடம், 1917. வங்கிப் படியை விட்டு இறங்கினால் நாலெட்டில் ரயில் பாதை. ஸ்டேஷன் கட்டடமும் 1904இல் கட்டியது. 1995இல் தேசியப் பூங்காத் துறை அதைப் பழுதுபார்த்து, கோடைக்காலத்தில் திறந்து வைக்கிறது. கொஞ்சம் தள்ளி, இன்ஜின்களுக்கு நிலக்கரி கொட்டுவதற்காக 1922இல் எழுப்பிய கான்கிரீட் கோபுரம் தண்டவாளத்துக்கு மேலேயே நிற்கிறது.

மக்கள் தொகை: 1930இல் 462. அதுதான் உச்சம். 2000இல் 7. 2010இல் 5. 2020இலும் 5.

இதில் எனக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. ரயில் போனதால் செத்த ஊர்கள் அமெரிக்கா முழுக்க நிறைய. தண்டவாளத்தையே பிடுங்கியிருப்பார்கள், புல் முளைத்திருக்கும். இங்கே அப்படி இல்லை. நாங்கள் அங்கிருந்த இரண்டு மணி நேரத்திலேயே ஒரு நீளமான நிலக்கரி வண்டி கடந்து போனது. பாதை பளபளவென்று இருக்கிறது. ரயில் இருக்கிறது, ஊர் இல்லை. இது எப்படி நடந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் படித்ததையும் அடுத்தடுத்து எழுதுகிறேன்.

வானம்பாடி

கரிப்புகை அண்ணா, நல்ல இழை. நான் சின்சினாட்டியில்தான் இருக்கிறேன், இத்தனை வருஷத்தில் இந்த ஊர்ப் பேரையே கேட்டதில்லை. அந்த இடத்தில் ஏன் ஊர் வைத்தார்கள்? யார் அந்தத் தர்மண்ட்?

கரிப்புகை

சொல்றேன் தங்கச்சி.

செசபீக் அண்ட் ஒஹாயோ ரயில்வே (எல்லாரும் சி அண்ட் ஓ என்பார்கள்) இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போட்ட பாதை 1873 ஜனவரியில் முடிந்தது. கிழக்கிலிருந்து வந்ததும் மேற்கிலிருந்து வந்ததும் ஹாக்ஸ் நெஸ்ட் பக்கம் ஒன்று சேர்ந்தன. வேலை செய்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் கறுப்பினத் தொழிலாளிகள், பலர் சில வருஷம் முன்புவரை அடிமைகளாக இருந்தவர்கள். மலையைக் குடைந்த அவர்கள் பாடுதான் இந்தப் பாதை. சுத்தியல்காரன் ஜான் ஹென்றியின் கதை பிறந்ததும் இதே பாதையில், ஹின்டனுக்குக் கிழக்கே டால்காட் சுரங்கப்பாதையில் என்றுதான் அந்த வட்டாரத்தில் சொல்கிறார்கள்.

அதே 1873இல் வில்லியம் டாப்னி தர்மண்ட் என்பவர் ஒரு நில அளவை வேலை செய்து கொடுத்தார். உள்நாட்டுப் போரில் தெற்குத் தரப்பில் கேப்டனாக இருந்தவர். கூலியாகக் கிடைத்தது ஆற்றங்கரையில் 73 ஏக்கர். அன்றைக்கு அது வெறும் கரடும் பாறையும். 1888இல் தபால் ஆபீஸ் வந்தது. 1889இல் ஆற்றுக்குக் குறுக்கே ரயில் பாலம் போட்டு, எதிர்க்கரை ஓடை வழியாக மலைக்கு மேலே கிளைப் பாதை கொண்டுபோனார்கள். மேலே இருந்த சுரங்கங்களின் நிலக்கரி முழுக்க அந்தப் பாலம் வழியாக இறங்கி, தர்மண்டில் பிரதான பாதையில் சேர ஆரம்பித்தது. 73 ஏக்கர் பாறைக்கு அங்கேதான் விலை வந்தது.

எதிர்க்கரை வேறொருவருடையது. ஒஹாயோக்காரர் தாமஸ் மெக்கெல். மாமனார் கல்யாணச் சீராகக் கொடுத்த நிலம். மனைவி பெயர் ஜீன், பிறந்த வீட்டுப் பெயர் டன். அதனால் ஊர் கிளென் ஜீன், 1901இல் ஆற்றோரம் அவர் கட்டிய ஓட்டல் டன் க்ளென். 100 அறை. நம்ம கேப்டன் தர்மண்ட் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், தன் நிலத்தில் மது கூடாது என்றவர். மெக்கெல் பக்கம் அந்தத் தடை இல்லை. பாலத்தைக் கடந்தால் குடி, சீட்டு, எல்லாம். அந்த ஓட்டலில் 14 வருஷம் நிற்காமல் ஒரு சீட்டாட்டம் நடந்தது என்ற கதையைக் கேள்விப்படாமல் நீங்கள் தர்மண்ட் பற்றிப் படிக்கவே முடியாது. கேப்டன் 90 வயது வரை இருந்து 1910இல் இறந்தார். ஊரின் செழிப்பை முழுசாகக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கணக்குப்பிள்ளை

எனக்கு இந்த 462 நெருடுகிறது. 100 அறை ஓட்டல், வங்கி, மருந்துக்கடை, இவ்வளவு பெரிய ரயில் யார்டு, இதெல்லாம் ஐந்நூறு பேருக்கா? நம்ம பக்கத்து அபார்ட்மெண்ட் வளாகத்திலேயே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். எண் சரிதானா?

கரிப்புகை

எண் சரி. ஆனால் இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செழிப்பான காலத்தில் ஒரு நாளைக்கு 15 பயணிகள் ரயில் அங்கே நின்றது. வருஷத்துக்கு 95,000 பயணிகள் வரை அந்தச் சின்ன ஸ்டேஷனைப் பயன்படுத்தினார்கள். சி அண்ட் ஓ பாதையிலேயே அதிக வருமானம் தந்த ஸ்டேஷனாக அது இருந்த காலம் உண்டு. சின்சினாட்டியும் ரிச்மண்டும் இருக்கிற பாதையில்!

கணக்குப்பிள்ளை

95,000ஐ 365ஆல் வகுத்தால் நாளுக்கு 260. அப்படியானால் இரண்டே நாளில் ஊர் மொத்த மக்கள் தொகையை விட அதிகம் பேர் அந்த பிளாட்பாரத்தைக் கடந்திருக்கிறார்கள். இப்போதுதான் ஓட்டல் புரிகிறது. குடிக்கணக்கெடுப்பு ஏப்ரல் 1ஆம் தேதி யார் எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறார் என்று பார்க்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஊரில் யார் இருந்தார்கள் என்பது அதற்குத் தெரியாது.

ஆனாலும் ஒரு கேள்வி. அவ்வளவு பேர் வந்துபோகிற இடத்தில் ஏன் பெரிய ஊர் வளரவில்லை?

கரிப்புகை

இடம் இல்லை. நேரில் பார்த்தால் உடனே விளங்கும். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் செங்குத்தான மலை. நடுவில் கிடைத்த சமதளம் முழுக்க தண்டவாளம் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த ஒரு துண்டில் கடைகள். வீடுகள் மலைச்சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தொற்றிக்கொண்டிருக்கின்றன, இடையில் படிக்கட்டுகள். 1921 வரை அந்த ஊருக்கு ரோடே கிடையாது. அரிசியா, ஆணியா, பிணப்பெட்டியா, எதுவும் ரயிலில்தான் வர வேண்டும்.

இன்னொன்று. சுற்றிலும் இருந்த குடியிருப்புகள் எல்லாம் சுரங்கக் கம்பெனிகளுடையவை. வீடு கம்பெனி வீடு, கடை கம்பெனி கடை. கூலியில் ஒரு பங்கை அந்தக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் டோக்கனாகக் கொடுப்பார்கள். தர்மண்ட் அப்படிப்பட்ட ஊர் இல்லை. அங்கே கடை வைத்தவர்கள் சொந்தமாக வைத்தவர்கள். அதனால் கையில் கொஞ்சம் ரொக்கம் கிடைத்த தொழிலாளி மலையிலிருந்து கிளை ரயிலில் இறங்கி வருவார். சட்டை வாங்க, முடி வெட்டிக்கொள்ள, மருந்து வாங்க, வீட்டுக்குப் பணம் அனுப்ப. கம்பெனி மேஸ்திரியின் கண்ணில் படாமல் ஒரு சாயங்காலத்தைக் கழிக்க. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொன்மலை ஃபிட்டர்

தம்பிகளா, தங்கச்சி, நான் ரயில்வேயில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதல் சில வருஷம் ஸ்டீம் ஷெட்டில்தான். முதல் பதிவிலேயே தம்பி கேட்ட கேள்விக்கு என் கையில் ஒரு பதில் இருக்கு. ரயில் ஓடுது, ஊர் ஏன் இல்லைன்னு கேட்டீங்க. ஓடுற ரயிலால ஊருக்கு ஒண்ணும் கிடைக்காது. நிக்கிற ரயில்தான் சோறு போடும்.

ஸ்டீம் இன்ஜின் பசிக்கிற மிருகம் மாதிரி. கொஞ்ச தூரம் போனதும் தண்ணி வேணும், கரி வேணும். ஃபயர்பாக்ஸில் கட்டி தட்டின சாம்பலை இறக்கணும். சக்கரம் வழுக்காம இருக்க மணல் நிரப்பணும். ஒவ்வொரு மூட்டுக்கும் எண்ணெய் விடணும். பாய்லரைக் கழுவணும், அமெரிக்காவில் மாசம் ஒரு தடவையாவது கழுவியே ஆகணும்னு சட்டமே இருந்தது. ராத்திரி நிறுத்தி வைக்கிற இன்ஜினுக்கும் நெருப்பு அணையாம ஒருத்தன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கணும். ஒரு இன்ஜின் பின்னாடி ஒரு கூட்டமே வேலை செய்யும். பாய்லர் மேஸ்திரி, ஃபிட்டர், கலாசி, கரி அள்ளுறவன், சாம்பல் குழிக்காரன். அதுக்கு மேல ஃபயர்மேன், டிரைவர், பிரேக்ஸ்மேன், பாயிண்ட்ஸ்மேன், தந்தி பாபு.

தர்மண்டில் கிளைப் பாதையிலிருந்து கரி வண்டி கொஞ்சம் கொஞ்சமா வரும், யார்டில் சேர்த்து நீள ரயிலாக் கோக்கணும். அதுக்குன்னே ஷண்டிங் இன்ஜின்கள் அந்த ஊரிலேயே தங்கும். அந்த ஆளுங்க எல்லாம் எங்கே தூங்குவாங்க, எங்கே சாப்பிடுவாங்க? அதான் ஊர்.

டீசல் வந்தா? டேங்க் ரொப்பிட்டா நூத்துக்கணக்கான மைல் நிக்காம போகலாம். மூணு நாலு இன்ஜினைச் சேர்த்து ஒரே ஆள் ஓட்டலாம். தண்ணி வேண்டாம், சாம்பல் இல்லை, பாய்லர் இல்லை. எங்க ஷெட்டில் டீசல் வந்தப்போ எங்களை வேற வேலைக்கு மாத்தினாங்க, பாய்லர் தட்டுற சத்தம் கேட்டே வளர்ந்த ஆளுங்க அந்த அமைதியைத் தாங்க முடியாம திண்டாடினதை நான் பாத்திருக்கேன். வேலை இருந்ததால நாங்க பிழைச்சோம். அந்த ஊர் ஆளுங்களுக்கு அந்த வாய்ப்பு இருந்திருக்காது.

வானம்பாடி

ஐயா, இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. நன்றி.

மேற்குமலை

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. எல்லாப் பழியையும் டீசல் மேல் போட வேண்டாம். சி அண்ட் ஓ ஸ்டீமை விட்டது 1950களின் நடுவில். உச்சம் 1930 என்று கரிப்புகையே சொல்கிறார். அப்படியானால் டீசல் வருவதற்கு முன்பே ஊர் இறங்கத் தொடங்கிவிட்டது. காரணங்கள் வேறு. கார். ரோடு. பெருமந்தம், அதாவது 1930களின் பொருளாதாரச் சரிவு. 1921இல் ரோடு வந்தபோது ஊருக்கு வழி திறந்தது என்று மகிழ்ந்திருப்பார்கள், ஆனால் அதே ரோடு வழியாகத்தான் மக்கள் வெளியே போனார்கள். மலைக்கு மேலே காரில் போய் எங்கும் வாங்கலாம் என்றான பிறகு பள்ளத்தில் இருக்கிற கடைக்கு யார் இறங்கி வருவார்கள்?

கரிப்புகை

மேற்குமலை சொல்வதில் நியாயம் இருக்கிறது. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

1930 ஏப்ரல் 1 கணக்கெடுப்பில் 462 பேர். அதே வருஷம் ஜூலையில் டன் க்ளென் ஓட்டல் எரிந்து போனது. வைத்த தீ என்கிறார்கள். பெருமந்தத்தில் நேஷனல் வங்கி மூடப்பட்டது. ஆக, அந்த 462 என்பது மலையுச்சியில் நின்று எடுத்த படம் மாதிரி. எடுத்த நாலு மாதத்துக்குள் சரிவு ஆரம்பம். அந்த எண்ணை எழுதிக்கொண்டு போன கணக்கெடுப்பாளருக்கு அது தெரிந்திருக்காது.

ஆனால் 1930களிலும் 40களிலும் யார்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. போர்க்காலத்தில் நிலக்கரிக்கு நல்ல கிராக்கி. கடை போனது, ஓட்டல் போனது, வேலை மிச்சம் இருந்தது. அதைக் கடைசியாக எடுத்தது டீசல்தான். எனவே ரோடு கடைக்காரர்களை அனுப்பியது, டீசல் தொழிலாளிகளை அனுப்பியது. இரண்டும் நடந்தது.

பொன்மலை ஃபிட்டர்

தம்பி மேற்குமலை, ரோடு பத்தி சொன்னது சரிதான், நான் அதை விட்டுட்டேன்.

இன்னொரு விஷயம். சி அண்ட் ஓ ஸ்டீமை அவ்வளவு நாள் விடாம வெச்சிருந்ததுக்குக் காரணமே கரிதான். அவங்க ரயிலில் ஏத்துற சரக்கே நிலக்கரி. சுரங்க முதலாளிங்கதான் பெரிய வாடிக்கை. மத்த கம்பெனி எல்லாம் டீசல் வாங்கிக்கிட்டிருந்த நேரம், இவங்க 1949இல் கரிச் சுரங்கக் கிளைப் பாதைகளுக்காக பால்ட்வின்னு ஒரு இன்ஜின் கட்டுற கம்பெனியிடம் 10 புது ஸ்டீம் இன்ஜின் வாங்கினாங்க. பால்ட்வின் கம்பெனி அமெரிக்க ரயில்வே ஒண்ணுக்குக் கட்டிக் கொடுத்த கடைசி ஸ்டீம் இன்ஜின்கள் அதுதான். அதில் கடைசி எண் 1309. மேரிலாந்தில் ஒரு சுற்றுலா ரயில்வே அதைப் பழுதுபார்த்து, 2021 முடிகிற நேரத்தில் மறுபடி ஓட வெச்சாங்க. அதோட விசில் சத்தத்தை வீடியோவில் கேட்டேன். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து ஓடி வந்து ஏன் அழறீங்கன்னு கேட்டா.

வானம்பாடி

அந்த வட்டாரக் கரிக்கு ஏன் இவ்வளவு மவுசு? அமெரிக்காவில் எத்தனையோ இடத்தில் நிலக்கரி இருக்கிறதே.

மேற்குமலை

அது புகை குறைந்த கரி. கார்பன் அதிகம், ஆவியாகிப் போகிற பொருள் குறைவு. கப்பல் பாய்லருக்கு அருமையானது, அமெரிக்கக் கடற்படை விரும்பி வாங்கியது. எஃகு ஆலைக்கு வேண்டிய கோக் (கரியைச் சுட்டு எடுக்கிற எரிபொருள்) தயாரிக்கவும் ஏற்றது. பள்ளத்தாக்கின் சுவரில் அடுக்கு வெளியே தெரிகிறபடி இருந்ததால் ஆழமாகத் தோண்டாமல் பக்கவாட்டில் குடைந்தே எடுத்தார்கள். முதல் லோடு 1873இலேயே குவின்னிமான்ட் என்ற இடத்திலிருந்து போனது. அந்தப் பாதை வருவதற்கு முன்பு கரி இருந்தும் பிரயோஜனம் இல்லை, கொண்டு போக வழி இல்லை.

அந்தச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. கேமூர் 1962இல். எனவே என் பட்டியலில் மூன்றாவது காரணம் இது: டீசலும் ரோடும் வராமல் இருந்திருந்தாலும், மேலே சுரங்கம் இல்லாவிட்டால் கிளைப் பாதையில் இறங்கி வர எதுவும் இருந்திருக்காது. இன்று தர்மண்ட் வழியாகப் போகிற நிலக்கரி பெரும்பாலும் வேறெங்கிருந்தோ வந்து வேறெங்கோ போவது.

கணக்குப்பிள்ளை

பக்கத்து ஊரோடு ஒப்பிட்டால் காரணம் இன்னும் துலங்கும் என்று ஹின்டனைப் பார்த்தேன். அதே ஆறு, அதே பாதை, அதே கம்பெனி. சி அண்ட் ஓவின் பெரிய டெர்மினல். கிழக்கே அலிகெனி மலை ஏற்றத்துக்கான ராட்சத இன்ஜின்கள் மாறுகிற இடம். 1930இல் ஆறாயிரத்துக்கு மேல் மக்கள். டீசல் அங்கேயும்தான் வந்தது, வேலை அங்கேயும்தான் போனது. 2020இல் 2,300க்கும் கீழ். அடி பலமாகத்தான் விழுந்திருக்கிறது, ஆனால் ஊர் நிற்கிறது. ஏன்? ஹின்டன் மாவட்டத் தலைநகர். நீதிமன்றம், பதிவாளர் அலுவலகம், பள்ளி இவையெல்லாம் ரயில்வேயை நம்பி இல்லை. தர்மண்டில் ரயிலைத் தவிர வேறெதுவும் இல்லை.

இன்னொரு விஷயம், ஆவணம் தேடுகிறவர்களுக்கு. அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஆள் வாரியான பட்டியலை 72 வருஷம் கழித்து வெளியிடுவார்கள். 1950 வரை வந்துவிட்டது, 2022 ஏப்ரலில். கையால் எழுதிய தாள்களை அப்படியே படமாகப் பார்க்கலாம். இப்படிப்பட்ட ஊரைப் படிக்கும்போது பெயரைவிட 'குடும்பத் தலைவருக்கு என்ன உறவு' என்ற பத்தியைப் பாருங்கள். மனைவி, மகன், மகள் என்று வருகிற இடத்தில் 'லாட்ஜர்' என்று வரிசையாக வந்தால் அது ரயில்வே ஆட்கள் தங்கிய வாடகை வீடு. 1930 தாளில் வீட்டில் ரேடியோ உண்டா என்று கூட ஒரு பத்தி இருக்கிறது. 1890 பட்டியலைத் தேட வேண்டாம், அதன் பெரும்பகுதி 1921 தீ விபத்தோடு நாசமானது. தர்மண்டுக்குத் தபால் ஆபீஸ் வந்து இரண்டே வருஷம் ஆன சமயம் அது. அந்தத் தொடக்க நாள் தாள் மட்டும் கிடைத்திருந்தால்! நினைத்தாலே வயிறு எரிகிறது.

கரிப்புகை

அருமையான தகவல் சார். நான் இன்று ராத்திரியே 1930 தாளைத் திறக்கப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை

திறந்து பாருங்கள். அப்புறம் அந்த '5' பற்றியும் ஒரு எச்சரிக்கை. 2020 கணக்கெடுப்பில் தனி ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சின்ன ஊர்களின் எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றம் கலந்திருக்கிறார்கள். மாநிலத்தின் மொத்த எண்ணில் கை வைக்கவில்லை. ஆனால் கீழே வரவர அது தெரியும். நெப்ராஸ்காவில் மொனோவி என்று ஊர், அதுவும் ரயில் வந்ததால் உருவானதே. அங்கே ஒரே ஒரு பெண்மணிதான் குடியிருக்கிறார் என்பது நாடறிந்த செய்தி. 2020 கணக்கில் 2 என்று வந்தது! எனவே தர்மண்டின் ஐந்தை நாலாகவோ ஆறாகவோ கூட எடுத்துக்கொள்ளலாம். லட்சம் பேர் ஊரில் இது தூசு. ஐந்து பேர் ஊரில் ஒரு ஆள் என்றால் ஐந்தில் ஒரு பங்கு.

வானம்பாடி

ஐந்து பேர் இருந்தும் அது இன்னும் சட்டப்படி ஒரு நகரமா? மேயர் எல்லாம் உண்டா?

கரிப்புகை

உண்டு தங்கச்சி. 1900களின் தொடக்கத்திலேயே நகராட்சி ஆகிவிட்டது, இன்னும் கலைக்கவில்லை. 2005 ஜூன் தேர்தலில் ஊரில் இருந்த 7 பேரில் 6 பேர் ஏதாவது ஒரு பதவிக்கு நின்றார்கள். 2015இல் ஒருபாலீர்ப்பாளர்கள், திருநர்கள் உட்பட யாரையும் வேலையிலும் வீட்டிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று ஒரு விதியை எல்லாரும் ஒருமனதாக நிறைவேற்றினார்கள். நாட்டிலேயே அப்படி ஒரு விதி போட்ட ஆகச் சின்ன ஊர். மிச்சமிருக்கிற அந்தச் சிலரும் ஊரை ஊராகவே நடத்துகிறார்கள். எனக்கு இது மனசைத் தொட்டது.

கட்டடங்களில் பெரும்பாலானவை இப்போது தேசியப் பூங்காத் துறையிடம் இருக்கின்றன. பள்ளத்தாக்கு 1978இல் பாதுகாக்கப்பட்ட பகுதியானது, 2020 டிசம்பரில் முழுத் தேசியப் பூங்கா ஆனது. மேலே சாலைப் பாலம் 1977இல் திறந்தபோது, முன்பு மலையிறங்கி ஆற்றைக் கடந்து ஏற முக்கால் மணி ஆன பயணம் ஒரு நிமிஷமாகச் சுருங்கியது. 876 அடி உயரத்தில் கார்கள் பறக்கின்றன. பள்ளத்தாக்கின் அடியில் இப்படி ஒரு ஊர் இருப்பது அந்தக் காரில் போகிற பாதிப் பேருக்குத் தெரியாது.

மேற்குமலை

வானம்பாடி, நீங்கள் சின்சினாட்டி என்றால் ஒரு நல்ல செய்தி. அமெரிக்காவின் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் கார்டினல் ரயில் தர்மண்டில் இன்றும் நிற்கும். வாரத்துக்கு மூன்று நாள். ஆனால் ஏற, இறங்க யாராவது டிக்கெட் வாங்கியிருந்தால் மட்டுமே நிற்கும், இல்லாவிட்டால் போய்விடும். கிழக்கே போவது காலையில் வரும், மேற்கே போவது அதே நாள் சாயங்காலம் வரும். எனவே ஒரே நாளில் போய்த் திரும்பலாம். சின்சினாட்டியில் அதிகாலை மூன்றரை வாக்கில் ஏற வேண்டியிருக்கும், அதுதான் கஷ்டம். சாப்பாடு, தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். அங்கே ஒரு கடை கிடையாது. செல்போன் சிக்னலையும் நம்ப வேண்டாம்.

பொன்மலை ஃபிட்டர்

தங்கச்சி, போனா எனக்காக ஒரு வேலை. அந்தக் கரிக் கோபுரத்துக்குக் கீழே நின்னு, கரி விழுற வாய் எந்தெந்த லைனுக்கு மேல இருக்குன்னு படம் எடுத்துப் போடுங்க. மணல் கொட்டுற குழாய் மிச்சமிருக்கான்னும் பாருங்க. லைன் மேல மட்டும் நிக்காதீங்க, அது ஓடுற லைன். வளைவில் வண்டி வர்றது தெரியாது.

வானம்பாடி

போய் வந்துவிட்டேன்! மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

புதன்கிழமை போனேன், அம்மாவும் கூட வந்தார். டிக்கெட்டைப் பார்த்த கண்டக்டர் "தர்மண்டா?" என்று இரண்டு முறை கேட்டார், பிறகு சிரித்துக்கொண்டே எந்தப் பெட்டிக் கதவு திறக்கும் என்று சொல்லி அங்கே கொண்டுவந்து உட்கார வைத்தார். ரயில் ஒன்றேகால் மணி நேரம் தாமதம். இறங்கியது நாங்கள் இரண்டு பேர் மட்டும். எங்களுக்காக அந்த முழு ரயிலும் நின்றது. அது கிளம்பிப் போன பிறகு ஆற்றுச் சத்தம் மட்டும்தான். அம்மா, "15 ரயில் நின்ன இடமா இது?" என்றார்.

ஐயா, படங்கள் போட்டிருக்கிறேன். லைன் மேல் போகவில்லை, ஓரத்திலிருந்து ஜூம் செய்து எடுத்தது. ஸ்டேஷன் திறந்திருந்தது. பழைய டிக்கெட் ஜன்னல், தந்தி மேசை எல்லாம் வைத்திருக்கிறார்கள். மதியம் ஒரு நிலக்கரி வண்டி வந்தது. வங்கிப் படியில் உட்கார்ந்து பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன், நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். கட்டடத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அது கொஞ்சமும் வேகம் குறைக்கவில்லை.

பொன்மலை ஃபிட்டர்

படம் பார்த்தேன் தங்கச்சி. மூணாவது படத்தில் கோபுரத்தோட பக்கத்தில் மெல்லிசா தெரியுதே, அது மணல் குழாய் மாதிரிதான் இருக்கு. ரொம்ப நன்றி. அம்மாவுக்கும் சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை

அந்த ஐந்து பேரில் யாரையாவது பார்த்தீர்களா?

வானம்பாடி

இல்லை. சாயங்கால ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தபோது பள்ளத்தாக்கில் சீக்கிரமே இருட்டிவிட்டது. மலைச்சரிவில் ஒரு வீட்டில் வாசல் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதற்கு மேலே இன்னொன்று. போய்க் கதவைத் தட்ட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். ரயில் வெளிச்சம் வளைவில் தெரிந்ததும் நாங்கள் எழுந்து நின்று கையைக் காட்டினோம்.